நாவலில் வரும் ஆயாவைச் சாகடிக்க மனசு வரவில்லை, எழுதுகிறவர்களுக்கு இப்படி நடக்குமா?

காசிமேட்டுப் பையன்:
இரண்டு வருடமாக ஒரு நாவல் எழுதுகிறேன். காசிமேட்டில் மீன் விற்கிற ஓர் ஆயாதான் கதையே. விடிவதற்கு முன்னால் ஏலத்துக்குப் போய், சங்கரா மீனின் செவுளைக் கட்டைவிரலால் தூக்கிப் பார்த்து, சிவப்பு மங்கியிருந்தால் ஒரு வார்த்தை பேசாமல் அடுத்த குவியலுக்கு நகர்ந்துவிடுகிறவள். 14ஆவது அத்தியாயத்தில் அவள் சாக வேண்டும் என்று முதல் நாளே முடிவு செய்தேன், ஏனென்றால் அவள் போன பிறகு பேரன் படகு ஏறுவானா மாட்டானா என்பதுதான் மீதிக் கதை. மூன்று மாதமாக அங்கேயே நிற்கிறேன். எழுத உட்கார்ந்தால் அவளுக்கு டீ வாங்கிக் கொடுக்கிறேன், பக்கத்து வீட்டில் சண்டை போட வைக்கிறேன், மீன்பிடித் தடைக்காலம் 61 நாளையும் ஒவ்வொன்றாக எழுதிவிட்டேன், சாவு மட்டும் வரவில்லை. வீட்டில் சொன்னால், இல்லாத ஆளுக்கா அழுகிறாய் என்கிறார்கள்.

தண்டையார்பேட்டை அக்கா:
நடக்கும் தம்பி, நன்றாகவே நடக்கும். ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸ் 1841இல் தன் நாவலில் வரும் நெல் என்ற சிறுமியின் சாவை எழுத முடியாமல் தவித்தார். அவருடைய மனைவியின் தங்கை மேரி 1837இல், 17 வயதில், அவர் கண்ணெதிரே இறந்துபோனவள். அந்தச் சிறுமியின் சாவை எழுத எழுத அந்தப் பழைய சாவு திரும்ப வந்து நின்றதாக நண்பருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அதனால் கேட்கிறேன், உன் கதையில் இருக்கிற ஆயா யார்?

வண்ணை வாசகன்:
நான் எழுதுகிறவன் இல்லை, படிக்கிறவன். கோனன் டாயிலுக்குத் தான் படைத்த துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸ் மேல் பெரிய பாசம் கிடையாது, 1893இல் கதையில் கொன்றே விட்டார். அதற்கு முன்பே அவர் அம்மா வேண்டாம் என்று தடுத்திருக்கிறார். வாசகர்கள் விடவில்லை, 1903இல் உயிரோடு கொண்டுவர வேண்டியதாயிற்று. ஆக, பாசம் இல்லாமலும் நல்ல பாத்திரம் பிறக்கும். ஆனால் பாசத்தில் நீங்கள் அவளைப் பிடித்து வைத்திருந்தால் எங்களுக்குத் தெரிந்துவிடும் அண்ணே. அந்த டீ குடிக்கிற பக்கங்களில் கதை நகராது.

பெரம்பூர்:
மனசோடு நிற்பதில்லை, உடம்பே வாங்கிக்கொள்ளும். தன் நாவலின் நாயகி எம்மா பொவாரி ஆர்சனிக் விஷம் சாப்பிடுகிற இடத்தை எழுதியபோது வாயில் அந்த ருசியே வந்து, சாப்பிட்டதை வாந்தி எடுத்ததாகப் பிரெஞ்சு எழுத்தாளர் ஃப்ளோபேர் கடிதத்தில் சொல்லியிருக்கிறார். வீட்டில் யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

காசிமேட்டுப் பையன்:
அக்கா, அது என் ஆயாதான். பேர் மட்டும் மாற்றினேன். அவர் போனபோது நான் வேலைக்காக வெளியூரில் இருந்தேன், வந்து சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். கடைசியாக முகம் பார்க்கவில்லை. பார்க்காததை எப்படி எழுதுவது என்று புரியாமல்தான் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறேன் போல.

தண்டையார்பேட்டை அக்கா:
அப்போ சாவை எழுதாதேப்பா. நீ வந்து இறங்கினாயே, அந்தக் காலையை எழுது. பேரனும் பார்க்கவில்லை என்றே இருக்கட்டும். வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் எது கண்ணில் பட்டது?

காசிமேட்டுப் பையன்:
அன்னக்கூடை. யாரோ கழுவி வாசலில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஆயா ஒருநாளும் கவிழ்த்து வைக்க மாட்டார், சுவரில் சாய்த்துத்தான் வைப்பார். நான் அதை எடுத்துச் சாய்த்து வைத்துவிட்டுத்தான் உள்ளே போனேன், இப்போதுதான் ஞாபகம் வருகிறது. சரி அக்கா, இன்று ராத்திரி அங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.