ஜோஷ் ஆலன் ‘பூஜ்ஜிய நட்சத்திரம்’ என்று இன்னும் எத்தனை நாள் சொல்வீர்கள்?

கணக்குப்பிள்ளை:
நேற்று ஒருவர் எழுதியிருந்தார்: “அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் சேரப்போகும் பள்ளி மாணவர்களுக்கு ஐந்துவரை நட்சத்திரம் போட்டுத் தரம் பிரிப்பது வெறும் ஜோசியம். ஜோஷ் ஆலனுக்குப் பூஜ்ஜியம் போட்டார்கள். 2024 பருவத்தில் என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்கின் மிகச்சிறந்த வீரர் அவர்தான்.” பூஜ்ஜியம் யாரும் போடவில்லை ஐயா. பள்ளி முடித்தபோது அவரை மதிப்பிடவே இல்லை. தேர்வே எழுதாதவனை ஃபெயில் என்பீர்களா?

வரப்புமேடு:
அந்த ‘ஒருவர்’ நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம். கலிஃபோர்னியாவில் ஃபயர்பா என்ற சிற்றூர், விவசாயி மகன். முதல்நிலைக் கல்லூரி ஒன்றுகூட உதவித்தொகையோடு கூப்பிடவில்லை. ரீட்லி என்ற இரண்டாண்டுக் கல்லூரி, பிறகு வயோமிங் பல்கலைக்கழகம், என்எஃப்எல் அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 2018 டிராஃப்டில் ஏழாவது ஆள். தேர்வு எழுதவில்லையா? ஹால் டிக்கெட்டே கொடுக்கவில்லை!

கணக்குப்பிள்ளை:
அப்படியானால் ‘பார்க்கவில்லை’ என்று எழுதுங்கள். ‘பூஜ்ஜியம்’ என்று எழுதாதீர்கள். ஐந்து நட்சத்திரம் ஆண்டுக்குச் சுமார் 30 பேருக்குத்தான். டிராஃப்டின் முதல் சுற்றுக்குப் போகும் விகிதத்தில் மூன்று நட்சத்திரக்காரர்கள் அவர்களை நெருங்கவே முடியாது. விதிவிலக்கைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்.

சனிக்கிழமை ரசிகன்:
டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம், 2022. 247ஸ்போர்ட்ஸ் என்ற மதிப்பீட்டுத் தளத்தின் சேர்க்கைப் பட்டியலில் முதலிடம். அதுவரை எந்த அணியும் வாங்காத புள்ளி. அந்தப் பருவம் 5 வெற்றி, 7 தோல்வி. சொந்த மைதானத்தில் அப்பலாச்சியன் ஸ்டேட் என்ற சிறிய அணியிடமே தோற்றார்கள். மறு ஆண்டு பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை வீட்டுக்கு அனுப்ப 7 கோடி டாலருக்கு மேல் செலவு. இதற்கும் ஹால் டிக்கெட் கதை உண்டா?

கணக்குப்பிள்ளை:
நேற்று வந்த பிள்ளைகள் அன்றே கோப்பை தூக்க வேண்டுமா? அதே பருவத்தில் நட்சத்திரம் குறைந்த டிசியு (டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்) இறுதிக்கு வந்ததும் இங்கே மேளம் அடித்தது நீங்கள்தான். நான் மறக்கவில்லை. நட்சத்திரங்களை அள்ளி வைத்திருந்த ஜார்ஜியா 65-7 என்று முடித்தது. பூஜ்ஜியத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

சனிக்கிழமை ரசிகன்:
அரையிறுதியில் மிச்சிகனை 51-45 என்று வென்றது யாராம்?

திண்ணை:
கையில் அணைத்துக்கொண்டு ஓடும் ஆட்டத்துக்குக் கால்பந்து என்று பெயர் வைத்தவனைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
இங்கே ஒருவர்கூடக் கால்பந்து என்று எழுதவில்லை. படித்துவிட்டுப் பேசுங்கள்.

திண்ணை:
கோபம் எதற்கு? உங்களுக்கும் யாரும் நட்சத்திரம் போடவில்லையோ?

வரப்புமேடு:
டிசியுவை விடுங்கள். இண்டியானா? பள்ளிச் சேர்க்கைப் பட்டியல்களில் தேடிப் பார்க்க வேண்டிய பெயர். 2025 பருவத்தில் 16-0, இறுதியில் மயாமியை 27-21 என்று வீழ்த்திச் சாம்பியன்.

கணக்குப்பிள்ளை:
அவர்களில் பலர் வேறு கல்லூரிகளில் ஆடிப் பழுத்து வந்தவர்கள். பந்து வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் மெண்டோசாவே கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து மாறியவர். பள்ளி மாணவனுக்குப் போட்ட மதிப்பீட்டை வைத்து 22 வயதுக்காரனை ஏன் அளக்கிறீர்கள்?

வரப்புமேடு:
அளக்க முடியாது என்றுதானே நேற்றிலிருந்து கத்துகிறேன்!

கணக்குப்பிள்ளை:
இல்லை, நீங்கள் ‘பூஜ்ஜியம்’ என்றீர்கள். மேலே அப்படியே இருக்கிறது.

வரப்புமேடு:
சரி, பள்ளி முடித்த அன்று ஆலனுக்கு எத்தனை நட்சத்திரம் இருந்தது? ஓர் எண் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
மதிப்பிடப்படவில்லை.

வரப்புமேடு:
எண் கேட்டேன்.