கோ-5 சைலேஜுக்கு எந்தத் திப்பி? எங்கள் குடும்பக் குழுவில் ஓடிய பேச்சு

அண்ணன்: சித்தி, கிணற்று மேட்டில் கோ-5 நேப்பியர் புல் ஆள் உயரம் வந்துவிட்டது. போன அறுப்பு முடிந்து 45 நாள் ஆகிறது. நறுக்கி, காற்றுப் புகாமல் கட்டிப் புளிக்க வைத்து சைலேஜ் போடலாம் என்றிருக்கிறேன். சேகோ பேக்டரியில் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி மாவு எடுத்தபின் மிஞ்சும் திப்பி மலிவாகக் கிடைக்கிறது, மாமா வண்டியில் ஒரு லோடு அள்ளி வந்து கலந்துவிடவா?

சித்தி: ஈரத் திப்பியா, காய்ந்ததா?

அண்ணன்: ஈரம்தான். அதுதானே விலை குறைவு.

சித்தி: வேண்டாம் கண்ணு. ஈரத் திப்பியில் பத்தில் எட்டுப் பங்கு தண்ணீர். இளம் கோ-5-ம் அப்படித்தான். இரண்டையும் சேர்த்துக் கட்டினால் அடியில் சாறு வடிந்து சத்தெல்லாம் அதோடு போகும்.

மாமா: ஈரம் இருந்தால்தானேம்மா புளிக்கும்? இட்லி மாவு அப்படித்தானே?

சித்தி: ஈரம் வேண்டும் அண்ணா, அளவு தாண்டக் கூடாது. லாக்டிக் அமில பாக்டீரியா சர்க்கரையைத் தின்று சீக்கிரம் புளிப்பேற்ற வேண்டும். புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு 4 பக்கம் இறங்கிவிட்டால் மற்ற கிருமியெல்லாம் அடங்கிவிடும். நேப்பியரில் சர்க்கரை கம்மி, தண்ணீர் ஜாஸ்தி. புளிப்பு தாமதமானால் கிளாஸ்டிரிடியம் என்ற கெட்ட பாக்டீரியா புகுந்துவிடும். அந்த மூட்டையைத் திறந்தால் கெட்டுப்போன வெண்ணெய் நாற்றம் அடிக்கும். மாடு மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும்.

சித்தி: அதனால் தண்ணீரை உறிஞ்ச ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று என்று இரண்டு வேண்டும். களத்தில் நன்றாகக் காய்ந்த திப்பி உறிஞ்சும். ஆனால் அதில் இருப்பது மாவுச்சத்து, மாட்டுக்கு அது பலம். புளிக்க வைக்கும் பாக்டீரியா பெரும்பாலும் அதை நேரடியாகத் தின்னாது. பாக்டீரியாவுக்குச் சர்க்கரை தர மொலாசஸ், அதான் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு, டன்னுக்கு 20 முதல் 30 கிலோ. ஊற்றும் பதத்துக்குக் கொஞ்சம் தண்ணீர் விட்டு அடுக்கடுக்காகத் தெளி.

நான்: கணக்குப் போட்டுப் பார்த்தேன் சித்தி. 1,000 கிலோ புல்லில் காய்பொருள், அதாவது தண்ணீர் போக மிஞ்சுவது, 20 சதவீதம் என்றால் 200 கிலோ. 100 கிலோ காய்ந்த திப்பியில் 90. ஆக 1,100-க்கு 290, 26 சதவீதம்தான். 30-க்கு மேல் வர வேண்டும் என்பீர்களே?

சித்தி: அதற்குத்தான் புல்லை வாட விடுவது. பனி காய்ந்ததும் அறுத்துப் பரப்பிவிடு. நல்ல வெயிலில் ஒரு பகல் கிடந்தால் 25 பக்கம் வரும். இப்போது போடு.

நான்: 250 + 90 = 340. 1,100-க்கு 31 சதவீதம்!

சித்தி: அவ்வளவுதான். காட்டில் நிற்கும்போது கையே போதும். வெட்டிய புல்லை ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்து விடு. விரலிடுக்கில் சாறு வந்தால் இன்னும் வாட வேண்டும். உருண்டை மெல்ல விரிந்தால் சரி. பொலபொலவென்று உதிர்ந்தால் காய்ந்துவிட்டது, மிதித்தாலும் காற்று வெளியேறாது.

அத்தை: அம்மிணி, எங்கள் கடலைக்கொடி மழையில் நனைந்து ஓரத்தில் பூஞ்சை பூத்திருக்கிறது. உதறிவிட்டுச் சேர்க்கலாமா?

சித்தி: வேண்டவே வேண்டாம் அண்ணி. பூஞ்சையை உதறினாலும் அது விட்டுப்போகும் அஃப்ளடாக்சின் என்ற விஷம் போகாது. சைலேஜ் புளிப்பும் அதை அழிக்காது. மாடு தின்றால் பாலில் வரும், அந்தப் பாலைத்தானே பிள்ளைகள் குடிக்கிறார்கள். எருக்குழியில் போட்டுவிடுங்கள்.

மாமா: குச்சிக்கிழங்குத் தழை, அதான் மரவள்ளித் தழை? கிழங்கு பிடுங்கிய காட்டில் சும்மா கிடக்கிறது.

சித்தி: அது நல்ல யோசனை அண்ணா. திப்பியில் புரதம் இல்லை என்றே சொல்லலாம், தழையில் நிறைய இருக்கிறது. பச்சையாகப் போட்டால்தான் சயனைடு ஆபத்து. நறுக்கி வாட விட்டு சைலேஜில் புளிக்க வைத்தால் பெரும்பகுதி போய்விடும். நானாக இருந்தால் புல்லில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சேர்க்க மாட்டேன்.

அண்ணன்: எத்தனை நாளில் திறக்கலாம்?

சித்தி: 45 நாள் விடு. ஆனால் பாதி வேலை கட்டும் நாளில்தான். 2, 3 சென்டிமீட்டர் துண்டாக வெட்டு, காற்று இல்லாமல் மிதி, ஆரம்பித்த அன்றே மூடிவிடு. பாதி நிரப்பி ராத்திரி திறந்து போட்டால் கெட்டுப்போகும். பையில் எலி ஓட்டை விழுந்தால் அன்றே டேப் ஒட்டு.

அத்தை: பாலில் வாடை வராதா?

சித்தி: கறந்த பிறகு வையுங்கள், வராது. முதலில் 2, 3 கிலோ, மெல்ல மெல்ல ஏற்றலாம். வைக்கோலும் உலர் தீவனமும் நிறுத்தக் கூடாது.

அண்ணன்: சரி சித்தி. மூன்று டன் புல்லுக்கு 300 கிலோ, 50 கிலோ மூட்டையில் ஆறு. காய்ந்த திப்பிக்கே சொல்லிவிடுகிறேன். மாமா, வியாழன் காலையில் வண்டி கிடைக்குமா?

மாமா: வருகிறேன் மாப்பிள்ளை. மொலாசஸ் டிரம்மையும் ஏற்றிக்கொள்ளலாம்.

சித்தி: வாங்கும் முன் மூட்டைக்குள் கையை விட்டுப் பார் கண்ணு. சூடாகவோ கட்டி கட்டியாகவோ இருந்தால் அந்த மூட்டை வேண்டாம்.