புதுப்பிப்பு: ஹெக்சேன் பம்ப் மோட்டாரில் வந்த 50 ஹெர்ட்ஸ்

பிறையில் எங்கள் எண்ணெய் ஆலையின் ஹெக்சேன் (எளிதில் தீப்பற்றும் கரைப்பான்) பம்ப் மோட்டார், அதிர்வு அளவீட்டில் 50 ஹெர்ட்ஸில் ஓர் உச்சத்தைக் காட்டுகிறது, பேலன்ஸ் கெட்டுவிட்டதா என்று கேட்டிருந்தேன் அல்லவா? மோட்டாரில் ஒன்றுமில்லை. நிறுத்திய பிறகும் அந்த உச்சம் அசையவே இல்லை! 2970 ஆர்பிஎம்மில் ஓடும் மோட்டாருக்குச் சொந்த அதிர்வே 49.5 ஹெர்ட்ஸ், மின் இணைப்பின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தால் யாருக்குத்தான் குழம்பாது.

காரணம் எர்த் லூப், அதாவது ஒரே கேபிள் இரண்டு இடத்தில் எர்த் ஆகி, நடுவே தேவையில்லாத மின்னோட்டம் ஓடுவது. தீப்பற்றும் இடத்துக்குப் போகும் மின்சக்தியைக் கட்டுப்படுத்தும் சீனர் பேரியர் கட்டாயம் எர்த்தில் இணைந்திருக்கும். இங்கே சென்சார் பக்கம் கேபிளின் ஷீல்டும் (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) கிளாண்டுக்குள் (கேபிள் நுழையும் பிடிப்பு) உரசி எர்த் ஆகியிருந்தது. பிரித்துப் பார்க்கச் சொன்ன ஈப்போ அண்ணனுக்கு நன்றி.

ஷீல்டைச் சரிசெய்ததோடு பேரியரை எடுத்துவிட்டு, அதே பாதுகாப்பு வேலையைச் செய்யும் கால்வனிக் ஐசோலேட்டரும் போட்டாயிற்று. அதில் இரு பக்கத்துக்கும் நடுவே கம்பித் தொடர்பு கிடையாது. டிரான்ஸ்ஃபார்மரோ ஒளியோதான் சிக்னலைக் கடத்தும். பேரியருக்கு வேண்டிய, 1 ஓமுக்குக் குறைவான அந்தத் தனி எர்த்தும் இதற்குத் தேவையில்லை.

வாங்குபவர்கள் விலையைப் பார்த்து 4-20 மில்லியாம்ப் வகையை எடுத்துவிடாதீர்கள். அது மெதுவான சிக்னலுக்கு. அதிர்வுக்குக் கிலோஹெர்ட்ஸ் கணக்கில் கடத்த வேண்டும். அப்புறம் கேபிள், சென்சார் இரண்டின் கெப்பாசிட்டன்ஸையும் (மின்னைத் தேக்கும் அளவு) கூட்டி, ஐசோலேட்டர் சான்றிதழ் வரம்புக்குள் வருகிறதா என்று பாருங்கள். நீளமான கேபிள் என்றால் வரம்பு இடிக்கும்.