காட்டோரத்தில் பார்த்தது, இன்னும் மனசை விட்டுப் போகாதது

குருந்திலை:
கிண்டி தேசியப் பூங்காவின் வேலியோரம்தான். 2016 டிசம்பர் 12 வர்தா புயல் சாய்த்த மரங்களால் வெயில் திறந்துகொண்ட இடம். அங்கே நிற்கும் குருந்து (காட்டு எலுமிச்சை) மரத்தின் இலையையும் இருபது அடி உள்ளே நிழலில் நிற்பதன் இலையையும் ஒரே கையில் வைத்துப் பாருங்கள். உள்ளிருப்பது அகலம், கரும்பச்சை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் எண்ணெய்ப் புள்ளிகள் ஊசி குத்தினாற்போலத் தெரியும். ஓரத்து இலை சின்னது, தோல் போலத் தடிப்பு, மஞ்சள் ஓடி நடுநரம்பில் மடிந்திருக்கும். நிழலில் விரிந்த இலை வெயிலுக்குப் பழகாது. அது கருகி உதிரும், அடுத்த தளிர்தான் தடித்து வரும். இது தெரியாமல் பட்டுப்போச்சு என்று பிடுங்கிவிடுகிறார்கள். பட்டையை நகத்தால் கீறுங்கள். பச்சை தெரிந்தால் ஒரு மழைக்காலம் பொறுங்கள்.

நன்மங்கலத்தான்:
சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1400 மி.மீ. மழை, அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள். ஜனவரியில் இருந்தே ஓரம் காயத் தொடங்கும். அந்தச் சூட்டை விராலி, களா, சூரைப் புதர்தான் தடுத்து நிறுத்துகிறது. "சுத்தம்" என்று அதை வெட்டினால் காற்று நேரே உள்ளே போய், தரையில் கிடக்கும் சருகு ஈரம் விட்டுப்போகும். அதிலும் தெற்கு ஓரம்தான் மோசம்.

வடக்குவாசல்:
புதரைப் பற்றிச் சொன்னது சரி சார், தெற்கு என்பது தப்பு. நாம் இருப்பது 13 டிகிரி வட அட்சரேகையில். ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் நடு வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. அக்னி நட்சத்திரத்தில் வெயில் வாங்குவது வடக்கு ஓரம். தெற்கு ஓரத்துக்கு டிசம்பர், ஜனவரியில்தான் வெயில் சாய்வாக விழும், அப்போது மண்ணில் ஈரம் இருக்கும். மேற்கு ஓரம் இன்னும் கெடுதல்: கடல்காற்று வரும்வரை மேற்குக் காற்று உலர்த்தும். கன்றுக்கு ஓலைத்தட்டி கட்டுபவர்கள் வடக்கிலும் மேற்கிலும் கட்டுங்கள்.

களாமுள்:
வெட்டுகிற பேச்சு வந்ததால் உன்னிச்செடி (லாண்டானா என்ற களை) பற்றிச் சொல்லிவிடுகிறேன். மேலே அரிவாளால் சீவினால் தூரிலிருந்து இரண்டு மடங்காகத் துளிர்க்கும். மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது, கழுத்துக்கு (தண்டும் வேரும் சேருமிடம்) கீழே இரண்டு அங்குல ஆழத்தில் ஆணிவேரை மண்வெட்டியால் வெட்டுங்கள். செடியைத் தலைகீழாக, வேர் வானம் பார்க்க வையுங்கள். கிளை ஈரமண்ணைத் தொட்டால் அங்கேயும் வேர் பிடிக்கும். காய் கறுக்குமுன் முடித்துவிட வேண்டும். கறுத்துவிட்டால் கொண்டைக்குருவி தின்று, தான் உட்காரும் மரத்தடியெல்லாம் விதைத்துவிடும். அதனால் அடுத்த இரண்டு மழைக்காலமும் மரத்தடியில் முளைத்ததைக் கையால் பிடுங்க வேண்டும். சீமைக் கருவேலமும் தரைமட்டத்தில் வெட்டினால் தழைக்கும், தூரோடு தோண்டணும். அதன் நெற்றை மானும் ஆடும் தின்று சாணத்தில் விதை போடும்.

ஒரே நாளில் முழு ஓரத்தையும் மொட்டையாக்காதீர்கள். பத்தடி எடுத்தால் அந்தப் பத்தடியில் உடனே களா, காரை நடுங்கள். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு செடியையும் தொடக்கூடாது, உன்னியானாலும் சரி.

குருந்திலை:
களாமுள், களா கன்று நட்ட முதல் கோடைக்குத் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை? வடக்கு ஓரம்.

களாமுள்:
வாரம் ஒரு குடம், தூரைச் சுற்றி நாலு விரல் கனத்துக்குச் சருகு. தண்டை ஒட்டிப் போடாதீர்கள், அழுகும்.