காஷ்மீர் ஈப்பிடிப்பானா, செம்மார்பு ஈப்பிடிப்பானா? கூடு கட்டுவது எங்கே?

சோலைக்குருவி:
ஊட்டியில் ஜனவரியில் எடுத்த படங்களில் தொண்டை சிவந்த சின்ன ஈப்பிடிப்பான் இருக்கிறது. வாலைத் தூக்கித் தூக்கி ஆட்டுகிறது, வாலடியில் இருபுறமும் வெள்ளை. காஷ்மீர் ஈப்பிடிப்பான் என்று பதியலாமா? மே மாதம் காஷ்மீர் போனால் கூடு கட்டும் இடம் எது?

பனிச்சாரல்:
வாலை வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்த வெள்ளை செம்மார்புக்கும் உண்டு, டைகா ஈப்பிடிப்பானுக்கும் உண்டு. ஆணில் பார்க்க வேண்டியது கழுத்தோரம். காஷ்மீர் ஆணுக்குத் தொண்டை, மார்பு, விலாப்புறம் வரை செம்மை இறங்கும். அதன் இரு ஓரத்திலும் தொண்டையிலிருந்து மார்புப்பக்கம் வரை கறுப்புக் கரை ஓடும். செம்மார்பு ஆணுக்குத் தொண்டையோடும் மேல்மார்போடும் செம்மை நின்றுவிடும், கரை இருக்காது, கன்னம் சாம்பல்.

பக்கவாட்டு வெயிலில் கழுத்து நிழலே கரைபோலத் தெரியும், பலர் ஏமாறுவது இங்கேதான். நேர்முகமாக எடுத்த படம் ஒன்றாவது வேண்டும். மாலை வெயிலில் எடுத்திருந்தால் செம்மை எவ்வளவு தூரம் என்பதையும் நம்பாதீர்கள். அலகின் கீழ்த்தாடையையும் பாருங்கள்: அடிப்பகுதி வெளிறியிருந்தால் டைகா இல்லை, அவ்வளவுதான், மற்ற இரண்டையும் அது பிரிக்காது.

தேவதாரு:
காஷ்மீர் ஈப்பிடிப்பானின் இனப்பெருக்க எல்லை மிகச் சிறியது: காஷ்மீர்ப் பள்ளத்தாக்கும் பீர் பஞ்சால் மலைச்சரிவுகளும், பாகிஸ்தான் பக்கம் கொஞ்சமும். 1,800 முதல் 2,300 மீட்டர் வரையிலான இலையுதிர் கலப்புக் காடுதான் அதற்கு வேண்டும். உயரமான ஊசியிலைக் காட்டில் நாள் முழுக்கத் தேடினாலும் வீண். ஹேசல், வால்நட், வில்லோ மரங்களும், அடியில் அடர்ந்த புதரும் சேர்ந்த இடம் பாருங்கள். மரப்பொந்தில் கூடு; மே, ஜூன் காலம்; முட்டை 3 முதல் 5. அடிப்புதரை வெட்டி, பொந்துள்ள கிழமரத்தையும் எடுத்துவிட்டால் காடு பச்சையாகவே நிற்கும், இந்தப் பறவை இருக்காது. சர்வதேச சிவப்புப் பட்டியலில் அழிவாய்ப்புள்ள இனமாக இது இருப்பதற்குக் காடு அழிவதுதான் முக்கியக் காரணம்.

ஸ்ரீநகருக்கு அருகே டச்சிகாம் தேசியப் பூங்காவின் கீழ்ப்பகுதியும், பஹல்காம் பக்கம் ஓவேரா-ஆரு சரணாலயமும் ஏற்றவை. டச்சிகாமுக்கு வனவிலங்குத் துறை அனுமதி முன்கூட்டியே வாங்குங்கள். செப்டம்பருக்குப் பிறகு போகாதீர்கள். அதற்குள் தெற்கே கிளம்பியிருக்கும்.

மலைத்தேயிலை:
குளிர்காலத்தில் இலங்கை மலைநாடுதான் முக்கிய இடம், அடுத்து நீலகிரியும் மேற்குத் தொடர்ச்சி மலையும். நுவரெலியா விக்டோரியா பூங்காவில் வேலியோரமும் தேயிலைத் தோட்ட விளிம்பும் அதற்குப் பிடித்தவை. மார்ச் கடைசியில் வடக்கே திரும்பும்.

பெண்ணைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சில பெண்களின் தொண்டையில் மங்கலான செம்மை படிந்திருக்கும், எல்லாவற்றிலும் இராது. படமில்லாமல் பெண்ணைப் பெயரிட்டுப் பதியவே வேண்டாம். கூடு கட்டும் இடத்தில் குரல் பதிவை ஒலிக்கவும் கூடாது. ஆண், எதிரி வந்ததென்று வெளியே சுற்றிக்கொண்டே இருக்கும். பொந்துக்கு நேரே நிற்காமல், பெற்றோர் தயங்காமல் உள்ளே போகும் தூரத்துக்கு விலகி நில்லுங்கள். அலகில் இரையோடு கிளையில் உட்கார்ந்தபடி உங்களையே பார்த்தால் இன்னும் பின்வாங்குங்கள்.