கொண்டைக்குருவி கொண்டையை நிமிர்த்துறது எப்ப, ஏன்?

கல்லடி வாசகர்:
பப்பாசிப் பழத்துக்கு வாற கொண்டைக்குருவிகளில சிலதுக்குக் கொண்டை நிமிர்ந்து நிக்குது, சிலதுக்குத் தலையோட படிஞ்சு கிடக்குது. நிமிர்ந்தது ஆண், படிஞ்சது பெண் எண்டு எடுக்கலாமா? குறிப்பு எழுதுறதெண்டா எதைக் கவனிக்க வேணும்?

பொத்துவில் நீர்க்காகம்:
எடுக்க ஏலாது. கொண்டைக்குருவியில ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒண்டுதான். ஒரே குருவியே ஒரு நிமிசத்துக்குள்ள ரெண்டும் செய்யும். இறகு முளைக்கிற அடியில, தோலுக்குள்ள சின்னத் தசைகள் இருக்கு. அதுகள் இழுத்தா இறகு எழும்பும், விட்டாப் படியும்.

பூனையோ செண்பகமோ கிட்ட வந்தாலும் நிமிரும், பழத்துக்கு இன்னொரு குருவி போட்டிக்கு வந்தாலும் நிமிரும், சோடிக்கு முன்னாலயும் நிமிரும். அதால "பயந்துட்டுது" எண்டு உடனே எழுதாதீங்க. அதுக்கு முதல் என்ன நடந்ததெண்டு எழுதுங்க.

கொண்டலாத்தி இதைவிட லேசு. நிலத்தில இறங்கின உடனே விசிறியா விரிச்சுட்டு மடக்கிடும். மடக்கினா அலகுக்கு எதிர்ப்பக்கம் கூரா நீட்டிக்கொண்டு நிக்கும். தூரத்தில பார்த்தா தலைக்கு ரெண்டு பக்கமும் அலகு மாதிரி.

உன்னிச்சைக் குளக்கரை:
காலையில 6 மணிக்கும் 8 மணிக்கும் இடையில பாருங்க. ஒரு குருவியை மட்டும் 10 நிமிசம். கொப்பியில நாலு கட்டம் போதும்: நேரம், கொண்டை (படிவு, அரை, முழுசு), அதுக்கு முதல் நடந்தது, காற்று. கடைசிக் கட்டத்தைத்தான் கனபேர் விடுறது. கச்சான் அடிக்கிற மாசங்களில பின்னால இருந்து வாற காற்றே கொண்டையைத் தூக்கிவிடும், குருவிக்கு அதில ஒரு பங்கும் இல்ல. மழையில நனைஞ்சா இறகு ஒட்டிக்கொண்டு கொண்டையே இல்லாத மாதிரி இருக்கும். இறகு உதிர்க்கிற காலத்திலயும் தலை மொட்டையாத் தெரியலாம்.

இன்னொண்டு, 15 மீற்றராவது தள்ளி இருங்க. கிட்டப் போனா நீங்கதான் அந்தப் பூனை.

லகுகலைப் பக்கம்:
பருந்து பார்க்கிறவங்களுக்கு: கொண்டைய மட்டும் நம்பி முடிவெடுக்காதீங்க. குடுமிப் பருந்துக்குப் பின்தலையில நீட்டமா மெல்லிய இறகுகள் குத்தி நிக்கும், காலில விரலடி வரைக்கும் இறகு. பாம்புக் கழுகுக்குப் பிடரியில கறுப்பும் வெள்ளையுமா அடர்ந்த கொண்டை. கால் வெறும் மஞ்சள், கண்ணுக்கு முன்னாலயும் மஞ்சள் தோல். படிஞ்ச நேரத்தில பாம்புக் கழுகுக்குக் கொண்டை இருக்கிறதே தெரியாது, கால்தான் காட்டிக்கொடுக்கும்.

மயில் வேற கதை. ஆணுக்கும் பெண்ணுக்கும் கொண்டை இருக்கு, ஆனா கொண்டைக்குருவி மாதிரி தலையோட படியிறதில்ல. ஆண்மயில் தோகையைச் செக்கனுக்கு 25 தடவை அளவில அதிரவைக்கும். பெண்மயிலின் கொண்டையும் கிட்டத்தட்ட அதே வேகத்தில அதிரக்கூடியது எண்டு 2018இல ஒரு ஆய்வு வந்தது. கொண்டையால அந்த அதிர்வை உணருதோ எண்டதுதான் அவங்கட சந்தேகம்.

கல்லடி வாசகர்:
நன்றி. அப்ப சேவல் கொண்டை?

பொத்துவில் நீர்க்காகம்:
பேர்தான் ஒண்டு. அது இறகில்ல, இரத்தம் ஓடுற சதை. உடம்புச் சூட்டை வெளியில விடவும் உதவும். குமணயில பார்க்கிற இருவாட்சியின் அலகுக்கு மேல இருக்கிறதும் இறகில்ல, அதையும் இந்தக் கொப்பியில சேர்க்காதீங்க.