புதுப்பிப்பு: முன்தோல் இறுக்கமும் கூச்சமும்

ஆண்குறியின் முன்தோல் முழுதாகப் பின்னுக்கு வரவில்லை, உள்ளே இருக்கும் நுனி மொட்டைத் தொட்டாலே கூசுகிறது, 26 வயதில் இது இயல்பா என்று முன்பு கேட்டிருந்தேன். சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு சிறுநீரியல் மருத்துவரைப் பார்த்துவிட்டேன்.

கூச்சம் நோயல்ல என்றார். எப்போதும் மூடியே இருந்த இடம், ஆடைகூட உரசியதில்லை. தினமும் வெதுவெதுப்பான நீர் பட்டுப் பழகினால் மெல்லக் குறையுமாம். இறுக்கத்துக்கு பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு களிம்பு, நாளுக்கு இரு வேளை, 4 முதல் 8 வாரம். கூடவே வலிக்காத அளவுக்கு மட்டும் இழுத்துப் பழக வேண்டும். சர்க்கரை அளவையும் பார்க்கச் சொன்னார். நீரிழிவு வந்த பெரியவர்களுக்கு முன்தோல் புதிதாக இறுகுவதுண்டு.

தம்பிகளே, வலுக்கட்டாயமாக இழுக்காதீர்கள். கிழிந்து ஆறும் தழும்பு இன்னும் இறுக்கும். பின்னுக்குப் போன தோல் திரும்ப மூடாமல் வீங்கினால் நள்ளிரவானாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

எனக்குத் தோல் இளகத் தொடங்கியிருக்கிறது. அறுவை சிகிச்சை இப்போதைக்கு வேண்டாம் என்றிருக்கிறார்.